பனடோல் சொன்ன சாட்சி

“தலையிடிக்குக் காலமை போட்ட பனடோலின்ரை வேகம் மத்தியானத்துக்கு முந்தியே விட்டிட்டுது. இன்னொண்டு தாங்கோ.”

தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற பாலேஸ்வரி இப்படிக் கேட்டதும், சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்த சீவரத்தினத்தின் கை நின்றது. ஊரடங்குக்கு முன்னால் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

டொக்டர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்ட மனிதர். படிப்புத்தான் அவரை விட்டதே தவிர, அவர் அதை விடவில்லை. கடைக்கு வருகிற டொக்டர்மார் சொல்வதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்வார்.

இன்றைக்குப் பொறுக்கியது புதுச் சரக்கு. பனடோலை ஆம்பிளையின் ஈரல் கெதியாகக் கழித்துவிடும். பெண்ணின் ஈரல் ஆறுதலாகத்தான் கழிக்கும். ஆனால் கர்ப்பத்தடைக் குளிசை போடுகிற பெண் என்றால், அவளுடைய ஈரலும் அவசரப்படும்.

“முந்தி ஒண்டு போட்டால் பின்னேரம் வரைக்கும் தாங்கும் எல்லோ?”

“ஓம். இப்ப கொஞ்ச மாசமாய்த்தான் இப்பிடி.”

கலியாணம் முடித்து ஐந்து வருடம், பிள்ளை இல்லை. சீவரத்தினத்துக்கு வேறு துப்புத் தேவைப்படவில்லை.

“அம்மா! இஞ்சை ஓடி வாங்கோ. உங்கடை மருமோள் கள்ளமாய்க் கர்ப்பத்தடைக் குளிசை போடுறாள்!”

அம்மா அகப்பையோடு வந்தார். “அப்பிடியோ சங்கதி! பிள்ளை வேணுமெண்டு நேர்த்தி வைச்சு, மூண்டு மாசமாய் ஒரு நாளும் தவறாமல் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு விளக்கேத்தினது நடிப்போடி? விடிய நீர்வேலிக்கு, உன்ரை தாய்வீட்டுக்கு வெளிக்கிடு. இவனுக்கு நான் வேறை பாக்கிறன்.”

“மாமி, நான் ஒண்டும் கள்ளமாய்ப் போடேல்லை.”

“பொய் சொல்லாதை! உன்ரை ஈரலே சாட்சி சொல்லுது,” என்று சீவரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். பட்டம் கிடைத்திருந்தால்கூட இப்படி நிமிர்ந்திருக்க மாட்டார். “ஆரடி உனக்கு எடுத்துத் தந்தது? ஆளைச் சொல்லு, கிழிச்சுப்போடுறன்!”

பாலேஸ்வரி அழவில்லை. சாமியறைக்குள் போய், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

சீவரத்தினம் பெயரை வாசித்தார். கர்ப்பத்தடை கேட்டு வருகிறவர்களுக்குக் கடை லாச்சியிலிருந்து அவர் எடுத்துக் கொடுக்கிற அதே அட்டை. நெஞ்சு மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது.

“இதுதானே? மாதவிலக்கு வந்து துடக்காகி நேர்த்தி குழம்பக்கூடாதெண்டு நீங்கள்தானே மாசாமாசம் கொண்டந்து தாறனீங்கள்!”