கொளஞ்சியின் பாதி

எண்பத்தொன்பதில், உப்பளத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளத்தைப் போட்டிருந்தார்கள். டாஸ் பாதி ஜானகிராமனுக்கு. யூனிக்ஸ் பாதி புதிதாகச் சேர்ந்த கொளஞ்சிக்கு. டாஸிலிருந்து யூனிக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

வைத்திக்குப்பம் கரையைக் கடல் அரிப்பதை வருடக்கணக்காக அளந்து சேர்த்ததில், ஜானகிராமனின் பாதி நிரம்பிவிட்டது.

"உன் பக்கம் கொஞ்சம் இடம் குடுடா."

"எம் பக்கமும் ரொம்பிப் போச்சுண்ணே."

"நேத்து வந்தவன் நீ. அப்படி என்னத்த ரொப்பி வெச்சிருக்க?"

கொளஞ்சி திரையை அணைத்தான். ஜானகிராமன் முடிவே கட்டிவிட்டான். அசிங்கப் படமாகச் சேர்த்து வைத்திருக்கிறான், வேறென்ன? அவனோடு டீ குடிக்கப் போவதையே நிறுத்திக்கொண்டான்.

அம்மாவைச் சேர்க்கக் கொளஞ்சி கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, ஜானகிராமன் யூனிக்ஸ் பாதியை மொத்தமாக அழித்துத் தனதாக்கிக்கொண்டான். சாக்கடையைக் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

மறுவாரம் ஜானகிராமனின் பழைய டாஸ் பாதி திறக்கவில்லை. டிஸ்க்கில் அந்தப் பகுதி கெட்டுவிட்டது, எதையும் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக்.

இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவனின் தோளை, அன்றுதான் வேலைக்குத் திரும்பிய கொளஞ்சி தொட்டான்.

"கவலப்படாதீங்கண்ணே. எம் பக்கத்துலேர்ந்து பாத்தா உங்க பக்கம் தெரியும். அது பழுதாவறத முன்னயே பாத்துட்டேன். ஏன்டா பாத்தன்னு திட்டுவீங்கன்னுதான் சொல்லல. உங்க கணக்கு அத்தினியும் எம் பக்கம் காப்பி எடுத்து வெச்சிருக்கேன். அதான் இடமே இல்ல."

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டான். ஜானகிராமனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.