மூன்று சொட்டு

"வீட்டுக்குள்ளேயே காடு வளர்த்து வெச்சிருக்கீங்களே சார்!" மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த கடைக்காரர், அதற்குள் அடர்ந்திருந்த நீர்ச்செடிகளைப் பார்த்து அசந்துபோனார்.

"எல்லாம் இந்த உரம்தான்." மாமனார் பெருமையோடு பாட்டிலைத் திறந்து, தொட்டிக்குள் மூன்று சொட்டு விட்டார்.

கடைக்காரரின் மூக்கு சுருங்கியது. சமையலறைக்குப் போய் மருமகளிடம் கிசுகிசுத்தார். "ஏம்மா, அது உரமில்ல. டீத்தண்ணி!"

"மெதுவா பேசுங்க! மாமாவுக்கு மறதி. போட்டதை மறந்துட்டு ஒரே நாள்ல நாலு தடவை உரம் போட்டாரு. தொட்டி பூரா பாசி. அதான் பாட்டில்ல டீயை ஊத்தி வெச்சுட்டேன். நிஜ உரத்தை வாரம் ஒரு தடவை நானே போடுறேன். தெரிஞ்சா அவர் மனசு ஒடிஞ்சுடும்."

பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று நெகிழ்ந்தபடியே கடைக்காரர் கிளம்பினார்.

வாசலில் மாமனார் அவர் கையைப் பிடித்தார். "அடுத்த தடவை வர்றப்ப ஒரு உர பாட்டில் கொண்டாந்து மருமககிட்ட குடுங்க. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால அவ ஒளிச்சு வெச்சிருக்கிறது தீரப்போகுது."

கடைக்காரர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்போ உங்க பாட்டில்ல இருக்கிறது..."

"டீதான். மறதி எனக்குத்தானே, என் மூக்குக்கு இல்லையே! ஆனா நான் சொட்டு விடறதை நிறுத்திட்டா, கண்டுபிடிச்சுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். பாவம், மனசு ஒடிஞ்சுடுவா."