சங்கிலி போட்ட பாதை

"ஐயா இன்னைக்கு யாரையும் பாக்க மாட்டாரு. போயிட்டு வாம்மா."

செக்ரட்டரி வீரணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முத்துப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாக இதே பதில்.

அவள் ஊர் போடிமெட்டுக்கு மேலே. நாற்பது வீடு. ஜீப்பு இறங்க ஒரே வழி, கரட்டூர் ஜமீனின் ஏலக்காய்த் தோட்டத்துப் பாதைதான். ஜமீன் ராஜா சென்னையிலிருந்து இந்த மலை பங்களாவுக்கு வந்த அன்றைக்கே அதில் சங்கிலி விழுந்துவிட்டது. போட்டவர் இந்த வீரணன். முப்பத்தொரு வருஷமாக ஜமீனுக்கு அந்தரங்கச் செயலாளர். இவரைத் தாண்டி ஒரு காகிதம்கூட ராஜா கைக்குப் போகாது.

"எங்க அண்ணிக்கு நிறைமாசம் சார். வலி வந்தா போர்வையில கட்டித் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

"வெள்ளிக்கிழமை எடுத்துருவோம். அதுவரைக்கும் பொறு."

"புள்ளை வெள்ளிக்கிழமை பாத்தா பொறக்கும்?"

"மெதுவாப் பேசு தாயி." இப்போதுதான் நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "அவசரம்னா எனக்குப் போன் போடு. நானே வந்து..."

"உங்க போன் யாருக்கு வேணும்? ராஜா குடுத்த பாதையை மறிக்க நீங்க யாரு?"

கூடத்தில் காத்திருந்த ஏலக்காய் வியாபாரிகள் எட்டிப் பார்த்தார்கள். உள்கதவு திறந்தது. ராஜாவே வெளியே வந்தார்.

"என்ன சத்தம்?"

வீரணன் பதறி எழுந்தார். "ஒண்ணுமில்லைங்க. நான் பேசி அனுப்பிர்றேன்..."

முத்துப்பிரியா முந்திக்கொண்டாள். கையிலிருந்த கடிதத்தை நீட்டினாள்.

"ஐயா, அஞ்சு வருஷத்துக்கு முன்னால நீங்க எழுதிக் குடுத்த பாதை. நாப்பது வீடும் உங்க பேரைச் சொல்லித்தான் பொங்கல் வெக்கிறோம். இந்த ஆளு மறிச்சுட்டாரு!"

ராஜா கடிதத்தைப் படித்தார். வீரணனைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஐயாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!" ஒரு வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா, நான்தான் குடுத்தேன். என்னைக்கும் அது உங்க பாதைதாம்மா. சங்கிலியை இப்பவே எடுக்கச் சொல்றேன். வீரணா, சாவியை வெச்சுட்டு இன்னையோட சோலியை விட்டு நின்னுக்க."

வியாபாரிகள் கைதட்டினார்கள்.

நல்லா வேணும் என்று நினைத்தபடி வெளியே வந்தாள் முத்துப்பிரியா. படி இறங்கும்போதுதான், கடிதம் ராஜா கையிலேயே இருப்பது உறைத்தது. திரும்பினாள்.

வியாபாரிகளை உள்ளே அனுப்பிவிட்டு, ராஜா வீரணனிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கிழிச்சுப் போடச் சொன்ன ஊர்க்காரங்க மனுவுக்கு என் பேர்ல உத்தரவு எழுதியிருக்கே! அப்புறம் எதுக்குய்யா சங்கிலி?"

"வெள்ளிக்கிழமை நீங்க கிளம்புற வரைக்கும் ஊரு ஜீப்பு உங்க கண்ணுல பட்டுறக் கூடாதுன்னுதாங்க."

முத்துப்பிரியா கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"இன்னும் எதெதைக் குடுத்திருக்கே, என் பேர்ல?"

வீரணன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார்.

"ஊரு உங்களைக் கும்பிடுற அத்தனையும் நான் எழுதுனதுதாங்க. இந்தப் பாதையை மட்டும்தான், இன்னைக்கு உங்க வாயால நீங்களே குடுத்திருக்கீங்க."