சட்டைப்பையில் ஃப்யூஸ்

"இதுவும் வேணாம்ணே. வேற காட்டுங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் பெருமூச்சை மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். கண்ணாடி மேசை முழுக்க மல்டி டூல்கள். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். விரித்தால் குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர், வயர் உரிக்கும் பல் எல்லாம் வெளியே வரும்.

"இதுக்கு என்னம்மா குறை?"

"கலர் பிடிக்கலை."

"கலரா? துணிக்கடைக்கு வந்ததா நினைச்சுட்டீங்க போல."

பக்கத்தில் நின்ற அவன் சிரித்தான். எலெக்ட்ரீஷியன். அடுத்த மாதம் அவளுக்குக் கணவன் ஆகப்போகிறவன். கல்யாணப் பரிசாக மோதிரம் போடுகிறேன் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். "கரண்ட் வேலை பார்க்கிறவன் விரல்ல உலோகம் இருக்கக் கூடாது" என்று அவன் தட்டிக்கழித்தான். "அப்போ உங்க வேலைக்கு உதவுற மாதிரி ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

நாளை அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. அதற்குள் அவன் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'கல்யாணம் முடியட்டும்டா. கூடி வர்ற வாழ்க்கையை நீயே வாயால கெடுத்துக்காதே' என்று அம்மா சத்தியம் வாங்காத குறை. ஆனால் மறைத்துக் கட்டுகிற தாலியை நினைத்தாலே அவனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. கேட்டபிறகு அவள் எழுந்து போய்விட்டால்? அதை நினைத்தால் வாய் திறக்கவில்லை.

"தம்பி, தொழில் பண்றவர் நீங்க. நீங்களே சொல்லுங்க" என்று கடைக்காரர் அவனைத் துணைக்கு அழைத்தார்.

அவன் ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து, பிடியின் உறையை நகத்தால் அழுத்திப் பார்த்தான். "எனக்கு இதுவே போதும்ணே. உறை கெட்டியா இருக்கு. மல்டி டூலுக்கெல்லாம் பிடியே இரும்பு. கரண்ட் ஓடுற இடத்துல தொட முடியாது."

"அதுக்குத்தான் நீங்க ஃப்யூஸைப் பிடுங்கிடுவீங்களே?" என்றாள் அவள்.

"ஆமா. பிடுங்கி என் சட்டைப்பையில போட்டுக்குவேன். அது என்கிட்ட இருக்கிற வரைக்கும் வேற யாரும் கரண்ட் விட முடியாது."

"எங்க வீட்டுலயும் அப்படித்தாண்ணே" என்று அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குக் கூடத்து ஸ்விட்ச்ல புகை வந்துச்சு. பேசிட்டிருந்தவர் எழுந்து போய் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, வயரைப் பல்லாலயே கடிச்சு உரிச்சுட்டார். எங்கண்ணன் இவருக்கு எலி மாப்பிள்ளைன்னே பேர் வச்சுட்டான்."

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பல்லாலயா! கை என்ன தம்பி பண்ணுச்சு?"

"ஒரு கை ஸ்விட்ச்ல. இன்னொண்ணு பேன்ட் பாக்கெட்ல" என்றாள் அவள். "இப்போ இருக்கே, அதே மாதிரி."

"தொழில் பழக்கம்ணே" என்றான் அவன் அவசரமாக. "ஒரு கையைப் பாக்கெட்ல போட்டுக்கணும். தப்பித்தவறி ஷாக் அடிச்சாலும் ஒரு கையில ஏறி இன்னொரு கை வழியா நெஞ்சைத் தாண்டிப் போகாது."

"வாஸ்தவந்தாம்மா. பழைய ஆளுங்க சொல்லுவாங்க. கவனமான பிள்ளைதான்" என்று கடைக்காரர் சான்றிதழ் கொடுத்தார்.

"கடைக்குள்ள கூடவா ஷாக் அடிக்கும்?" என்றாள் அவள்.

"பழகிப்போச்சு" என்றான் அவன், வேறெங்கோ பார்த்தபடி.

அடுத்த டூல் வந்தது. இடது தோளில் கைப்பை, அதன் வாரைப் பிடித்திருந்த இடது கை, இரண்டையும் அசைக்காமல் வலது கையால் வாங்கினாள். உருட்டினாள். கட்டைவிரலால் நெம்பினாள். "கனம் ஜாஸ்தி." இன்னொன்று. "கிறீச்சுன்னு சத்தம் போடுது." மற்றொன்றுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கித் திருப்பி வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் அவன், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"இருங்க. இதை முடிச்சுக்கலாம்."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார். கறுப்பாக, பளபளப்பே இல்லாத ஒன்று. அவள் வாங்கினாள். கட்டைவிரல் லேசாகத் தள்ளியதும் கத்தி 'டிக்' என்று வந்து நின்றது. சுட்டுவிரல் பட்டதும் மடங்கியது. குறடும் அப்படியே. அவள் முகம் மலர்ந்தது.

"இதேதாண்ணே. பில் போடுங்க."

"அழகான சரக்கையெல்லாம் ஒதுக்கிட்டு இதையா? அப்படி என்னம்மா இதுல?"

"ஒரே கையால திறந்து மூட முடியறது இது ஒண்ணுதான்."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு பில் போடப் போனார். வந்ததிலிருந்து கைப்பை வாரைவிட்டு அசையாத அவளுடைய இடது கை இப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

"உனக்கு... யார் சொன்னா?"

"நீங்கதான்" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னிக்கு ஃப்யூஸ் உங்க சட்டைப்பையில இருக்கு, வீட்டுல எங்கேயும் கரண்ட் இல்லை. அப்பவும் நீங்க அந்தக் கையை வெளியே எடுக்கலையே. எந்த ஷாக்குக்குப் பயந்தீங்க?"

அவன் மெல்ல இடது கையை வெளியே எடுத்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே மிஞ்சியிருந்த அந்தக் கையில் அவள் தன் கைப்பையை மாட்டிவிட்டு, "இதைக் கொஞ்சம் பிடிங்க, பணம் எடுக்கணும்" என்றாள்.