அசையாத ஏரி

கிட்ட வந்து உட்காருங்க மக்களே, இனிமேல் நடக்கப்போகிற கதை ஒன்று சொல்கிறேன்.

மலைமேல் ஒரு ஏரி. நின்றுகொண்டே துடுப்புப் போடும் பந்தயப் பலகைகளை அங்கேதான் சோதிப்பார்கள். ஒவ்வொரு காலையும் அங்கிருக்கும் எந்திரம் பேசும் புதுப் பலகை ஒன்றை வார்த்துத் தரும். முந்தையதைவிட வேகமா என்று தூத்துக்குடிக்காரி ஆரோக்கியசெல்வி ஓட்டிப் பார்க்க வேண்டும். சின்ன அலை எழுந்தாலும் சோதனை கெட்டுவிடும் என்பதால் வேறு யாரையும் அங்கே அண்ட விடுவதில்லை. ஏழு மாதமாக அவளோடு பேசியது பலகை மட்டும்தான். எந்திரம் கேட்ட வேகத்தை எட்டிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அன்றைக்குப் பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. "இன்னும் ஐம்பது மீட்டர். எட்டிவிடுவீர்கள்" என்றது.

"ஏட்டி செல்வி! கம்பை வச்சிக்கிட்டு தண்ணியில எந்த ஆட்டை மேய்க்கிற?"

கரையில் அவள் அண்ணன் லூர்து. வேலியேறிக் குதித்ததில் சட்டை கிழிந்திருந்தது. கடல்காரன் அல்லவா, தண்ணீரைக் கண்டதும் பழக்கத்தில் கணுக்கால் வரை இறங்கி, ஒரு கை அள்ளி, சிலுவை போட்டுக்கொண்டான்.

அதில் எழுந்த அலை வட்டம் வட்டமாக வந்து, செல்வி நின்ற பலகையை மெல்லத் தூக்கி இறக்கியது.

"அலை. இந்த ஓட்டம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்றது பலகை. "காரணம் சொல்லுங்கள்."

அண்ணனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இத்தனை மாதத்தில் அவளை வந்து தொட்டது அந்த அலை ஒன்றுதான். பலகையைக் கரைப்பக்கம் திருப்பினாள்.

"வீட்டிலேர்ந்து ஆள் வந்திருக்கு" என்றாள்.

உங்கள் வீட்டுக்கும் கேட்காமல் வந்து நிற்கிற சனம் குறையாமல் இருக்கட்டும், மக்களே.