பதிவேட்டில் ஏறிய விலங்கு

முதலில் ஏரியைத் தூர்த்தார்கள். அடுத்து, கரட்டுக் குன்றை உடைத்து ரோடு போட்டார்கள். மூன்றாவதாக, மிச்சமிருந்த காட்டைச் சுற்றி வேலியடித்து ‘வனப் பூங்கா’ என்று பலகை மாட்டினார்கள். மூன்றையும் எதிர்த்து ஊளையிட்ட கிழநரிக்கு நான்காவது சேதி வந்தது. பார்வையாளர்கள் கண்ணால் கண்ட விலங்குகளை மட்டும் பதிவேட்டில் ஏற்றுவார்களாம். மற்றவற்றைக் கூண்டில் பிடித்து வெளியேற்றுவார்களாம். நரி பட்டப்பகலில் வாசலுக்கே வந்து நின்றது.

அங்கே பென்குயின் வடிவக் குப்பைத்தொட்டி ஒன்று வாயைப் பிளந்து நின்றது.

“எந்த ஊருப்பா நீ?” என்றது நரி.

“தெரியலைங்க. போன வாரம் லாரியில வந்தேன்.”

“நாங்க ஏழு தலைமுறையா இங்க இருக்கோம். இன்னைக்கு எங்க பேரைப் பதிவேட்டுல ஏத்தி, உரக்கப் படிக்க வைக்கிறேன். வாயை மூடிக்கிட்டுப் பாரு.”

“மூட முடியாதுங்க. செஞ்சதே இப்படித்தான்.”

பதிவேட்டோடு அதிகாரி வந்தார். பின்னாலேயே பார்வையாளர்கள் வந்தார்கள். “இது யாரோட நாய்?” என்று நரியை விரட்டிவிட்டு, தொட்டியைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். அதிகாரி அவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டார். பிறகு அத்தனை பேரையும் சாட்சியாக நிறுத்தி, எழுதியதை உரக்கப் படித்தார்:

“பென்குயின், ஒன்று.”