ஞாயிற்றுக்கிழமை முடி

"ஒண்ணுமே இல்லை பெரியவரே. உங்க ஊர்க்காரங்க முடியில பாதரசம் இருக்கவேண்டிய அளவுக்குள்ளதான் இருக்கு."

சவர நுரைக்குள்ளிருந்து சுகாதார அதிகாரி இதைச் சொன்னபோது சலூன்காரரின் கத்தி அவர் காதோரத்தில் நின்றது.

பத்து மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம். அங்கே படிக்கவேண்டிய அறிக்கை அதிகாரியின் மடியில் இருந்தது. ஊர் முன்னால் நிற்கும்போது முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று வழியில் கடைக்குள் நுழைந்திருந்தார்.

சலூன்காரர் அந்தத் தாளுக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தார்.

அவருக்குக் கை நடுங்கியது. முதலில் கத்தரியின் தாளம் தப்பியது. பிறகு விரல் நுனியில் சதா எறும்பு ஊர்ந்தது. இப்போது நாற்காலியைச் சுற்றி வருவதற்கே அதன் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கை போனால் சவரத் தொழிலில் மிச்சம் என்ன? ஏன் இப்படி ஆகிறது என்று அந்தத் தாள் சொல்லிவிட்டால் வைத்தியம் பார்க்கலாம். குன்றின் மேலிருக்கும் ஆலையைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

ஆலைக் கழிவு கழிமுகத்தில் இறங்குகிறது. அங்குள்ள பாதரசத்தைப் புழு தின்கிறது, புழுவைச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். உள்ளே போன பாதரசம் லேசில் வெளியேறாது. ஒவ்வொரு வாயிலும் கூடிக்கொண்டே போகும். கடைசி வாய் மனிதனுடையது. அவன் ரத்தத்திலிருந்து அது முடிக்குள் ஏறி அங்கேயே தங்கிவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை விரல்கடை வளர்கிறது. அதனால் ஒரே ஒரு முடி போதும், ஒருவன் எந்த மாதம் எவ்வளவு பாதரசம் தின்றான் என்று படித்துவிடலாம்.

இதையெல்லாம் போன கூட்டத்தில் இதே அதிகாரிதான் படம் போட்டு விளக்கினார். வீடு வீடாக வந்து முடி எடுப்போம் என்றும் சொன்னார்.

யாரும் வரவில்லை.

"முடி எங்க எடுத்தீங்க சார்?"

"இங்கதான்! நம்ம ஆளு பச்சைப் பையில அள்ளிட்டுப் போனானே, ஞாபகமில்லையா? ஊர் முடி மொத்தமும் உங்க தரையிலதானே கிடக்கு. வீடு வீடா அலையணுமா என்ன?"

ஞாபகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செடிக்கு உரமாகப் போட எடுத்துப்போகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, சலூன்காரரே முறத்தால் வாரிப் பையை நிறைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவது ஆலை ஊழியர்கள் குடியிருக்கும் காலனியின் பஸ். அன்றைக்குத் தரையில் விழுவது அவர்கள் முடி மட்டும்தான்.

மீன்பிடிக்கிறவர்கள் இந்தப் படி ஏறுவதே இல்லை. அவர்களுக்கு நேரம் கிடையாது. மற்ற ஆறு நாளும் விடிகாலையில் சலூன்காரர்தான் பெட்டியோடு துறைக்குப் போவார். படகோரத்தில் உட்கார வைத்து வெட்டுவார். அந்த முடி காற்றோடு கடலுக்குப் போய்விடும். கூலியாகப் பெரிய மீனில் நல்ல துண்டாகப் பார்த்து அறுத்துக் கொடுப்பார்கள். மூன்று வேளையும் அவர் வீட்டில் அதுதான்.

"சார், நீங்க அள்ளிட்டுப் போனது காலனி முடி. காலனி கேன்டீன்ல மீனை நிறுத்தி மூணு வருஷமாச்சு. இதே நாற்காலியில உக்காந்து அவங்களே சொன்னாங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு போய்க் கேட்டீங்களா? மீனே தின்னாதவன் முடியை எடுத்துட்டுப் போய், தின்னவனுக்கு ஒண்ணுமில்லைன்னு படிக்கப்போறீங்களே, வாய் கூசலையா?"

"சும்மா இருங்க பெரியவரே. ஆய்வுன்னா..."

கத்தி இழுத்துவிட்டது. நுரையில் சிவப்பு பரவியது.

"அய்யோ! கை இந்த ஆட்டம் ஆடுதே! வயசாயிட்டா கத்தியைக் கீழ வெச்சிட்டு வீட்ல உக்காரணும். அடுத்தவன் கன்னம்தான் கிடைச்சுதா?"

சலூன்காரர் படிகாரத்தை எடுத்துக் கீறலில் அழுத்தினார். அது நன்றாகவே எரிந்திருக்கும்.

பிறகு கத்தரியை எடுத்தார். சலூன்காரருக்கு முடிவெட்ட ஊரில் ஆள் கிடையாது. பாதி நரைத்த முடி அவர் பிடரியில் வளர்ந்து கிடந்தது. அதில் ஒரு கற்றையைத் தோலை ஒட்டி வெட்டினார். வேர்ப் பக்கம் நூல் கட்டினார். முடிச்சுப் போட மூன்று தடவை ஆயிற்று. அதை அறிக்கையின் மேல் வைத்தார்.

"எனக்கு மூணு வேளையும் துறை மீன்தான் சார். நூல் கட்டின முனை இந்த மாசம். அந்த முனை போன வருஷம். போய்ப் படிச்சுப் பாருங்க."

"முதல்ல இந்தப் பக்கத்தை முடிங்க. கூட்டத்துக்கு நேரமாச்சு."

"எழுதிக்கிட்டாத்தான் இன்னொரு கன்னம்."

அதிகாரி கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் மழமழவென்று இருந்தது. மறுபக்கம் நுரை. பல்லைக் கடித்துக்கொண்டு, அறிக்கைக்குள் செருகியிருந்த காலிப் படிவம் ஒன்றை உருவினார். பேனாவைத் திறந்தார்.

தொழில், முடிதிருத்துதல். உணவு, மீன். எத்தனை வேளை, மூன்று. கேட்காமலே எழுதினார்.

"வயசு?"

"வர்ற மாசம் முப்பத்தொண்ணு."